அல்பாக்கா வளர்ப்பு: சின்னக் குடும்பப் பண்ணையில் ஒரு நாளும் ஒரு வருடமும்

எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் காலைப் பனிக்குள் 11 அல்பாக்காக்களின் கழுத்துகள் தெரியும். ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த, ரோமத்துக்காக வளர்க்கும் தென் அமெரிக்க விலங்கு இது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பல்லாரட் நகரத்துக்கு வெளியே 6 ஏக்கர் நிலம், ஒரு தகரக் கொட்டகை, இரண்டு தண்ணீர்த் தொட்டி. நான், வீட்டுக்காரர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பெரியவர்கள் இருவருமே வெளியில் வேலைக்குப் போகிறோம். அதனால் அல்பாக்காக்களுக்குக் கிடைப்பது காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம், பிறகு சனி ஞாயிறு. எட்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. இதே அளவில் தொடங்க நினைக்கும் குடும்பங்களுக்காக, நாங்கள் செய்வதைச் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் காங்கேயத்துப் பக்கம் பிறந்தவள். அப்பா வாழ்நாளெல்லாம் ஆடு மாடு மேய்த்தவர். முதல் மூன்று அல்பாக்காவை இறக்கிய வாரம் வீடியோவில் கூப்பிட்டு, "தெனமும் ரெண்டு தடவ எண்ணிப் பாத்துக்கறனுங்கப்பா" என்று பெருமையாகச் சொன்னேன். "எண்ணி என்ன கண்ணு பண்றது? ஒவ்வொண்ணா மொகத்தப் பாரு. நேத்து மாதிரியே இருக்குதான்னு பாரு" என்றார். கீழே வரும் எல்லாமே அந்தச் சொல்லை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதுதான்.

ஏனென்றால் அல்பாக்கா நோயை மறைக்கும் பிராணி. அதன் சொந்த ஊரான ஆண்டிஸ் மலையில் பூமாவும் மலைநரியும் மந்தையில் தளர்ந்து தெரிவதைத்தான் குறிவைக்கும். ஆகவே உடம்பு முடியாவிட்டாலும் மந்தையோடு நிற்கும், மேய்வது போலத் தலையைக் குனிந்துகொண்டிருக்கும். ஆடு கத்தும், மாடு தீவனத்தை விட்டு விலகி நின்று காட்டிவிடும். இது காட்டாது. வெளிப்படையாகப் படுத்துவிட்டது என்றால் பெரும்பாலும் பல நாள் தாமதமாகிவிட்டது என்று பொருள்.

1. வாங்குவதற்கு முன்

மூன்றுக்குக் குறைவாக வாங்காதீர்கள். இது மந்தை விலங்கு. தனியாக விட்டால் ஏங்கிப்போகும், தீவனம் எடுக்காது. இரண்டு வாங்கி ஒன்று இறந்துவிட்டால் மிச்சமிருப்பதன் நிலை என்ன என்று யோசியுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, காயடித்த ஆண்கள் மூன்றை வாங்கி ஒரு வருடம் வைத்துப் பழகுங்கள். சினை, குட்டி என்ற கவலை இல்லாமல் கண்ணும் கையும் பழகும். பெட்டைகள் அதற்குப் பிறகு வரட்டும். காயடிக்காத ஆணை எப்போதும் பெட்டைகளிடமிருந்து தனி அடைப்பில் வைக்க வேண்டும். புட்டிப்பாலில் வளர்ந்து, மனிதரோடேயே ஒட்டிக்கொண்டு திரியும் ஆண் குட்டி பார்க்க ஆசையாக இருக்கும். அதை மட்டும் வாங்காதீர்கள். வளர்ந்த பிறகு மனிதரையும் போட்டி ஆணாகவே நினைத்து மோத வரும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகக் கடினம்.

இரண்டு வகை உண்டு. பஞ்சு மாதிரி உப்பிய ரோமம் உள்ளது வக்காயா. சடை சடையாகத் தொங்கும் பளபளப்பான ரோமம் உள்ளது சூரி. உலகத்தில் பெரும்பான்மை வக்காயாதான், எங்களிடம் இருப்பதும் அதுவே. வளர்ந்த விலங்கு பெரும்பாலும் 55 முதல் 90 கிலோ வரை இருக்கும், 15 முதல் 20 வருடம் வாழும். வாங்கும்போது உங்கள் பிள்ளைகளின் வயதோடு இந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

வேலி 1.2 மீட்டர் உயரம் போதும். முள்கம்பி வேண்டவே வேண்டாம், ரோமம் சிக்கித் தோல் கிழியும். விக்டோரியாவில் ஒரே ஒரு அல்பாக்கா வைத்திருந்தாலும் நிலத்துக்கு அடையாள எண் வாங்கியாக வேண்டும். இதையெல்லாம்விட முக்கியமானது, அல்பாக்கா பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்பது. நிலம் பார்க்கும் முன்பே அதை விசாரியுங்கள்.

எங்களிடம் உள்ளவற்றுக்கு ஊர் வழக்கப்படி நிறம் பார்த்துத்தான் பெயர்: சாம்பல் நிறத்தவள் மயிலை, செம்பழுப்பு செவலை, கறுப்பு காரி, வெள்ளைக்காரி வெள்ளச்சி. காங்கேயம் மாட்டுக்கு வைக்கும் பெயர்கள் இந்த மலை விலங்குக்கும் அப்படியே பொருந்திப்போயின.

2. காலை: முதல் பத்து நிமிடம் எதையும் செய்யாதீர்கள்

ஆறரை மணிக்கு வெளியே போகிறேன். தீவன வாளியை எடுத்துக்கொண்டு போவதில்லை. வாளியைப் பார்த்ததும் எல்லாம் ஓடி வந்துவிடும், பிறகு எது எப்படி இருந்தது என்று தெரியாது. வெறுங்கையோடு வேலி ஓரமாக நின்று பார்ப்பேன். பார்க்கும் வரிசை எப்போதும் ஒன்றுதான்.

முதலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது. ஒவ்வொன்றுக்கும் வழக்கமான இடமும் வழக்கமான கூட்டாளியும் உண்டு. வெள்ளச்சி எப்போதும் மயிலைக்குப் பக்கத்தில்தான் படுப்பாள். ஒரு நாள் அவள் இருபதடி தள்ளிப் படுத்திருந்தால் அந்த இருபதடிதான் முதல் செய்தி.

அடுத்தது படுத்திருக்கும் விதம். நான்கு காலையும் அடியில் மடக்கி, மார்பு தரையில் பட, ரொட்டி மாதிரி உட்கார்ந்திருந்தால் நலம். வெயில் வந்தால் பக்கவாட்டில் சாய்ந்து காலை நீட்டிக் குளிர்காய்வதும் உண்டு. முதல்முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டதோ என்று பதறுவார்கள், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் உட்கார்ந்தபடியே பின்காலை மட்டும் ஒரு பக்கம் தள்ளித் தள்ளி மாற்றினால், அடிக்கடி எழுந்து எழுந்து உட்கார்ந்தால், வயிற்று வலி.

மூன்றாவது அசை. தாடை ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு உருண்டையும் கழுத்து வழியாக மேலே ஏறுவது தூரத்திலிருந்தே தெரியும். காலையில் படுத்திருக்கும் அல்பாக்கா அசை போடாமலே இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கீழுதடு தொங்கி வாய் திறந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம். சற்று முன் யாரோடோ சண்டை போட்டுத் துப்பியிருக்கும். இரைப்பையிலிருந்து வரும் அந்தப் பச்சைக் கரைசலின் புளிப்பு அதற்கே பிடிக்காது, கொஞ்ச நேரம் வாயைத் தொங்கவிட்டு நிற்கும்.

பிறகு காது. நிமிர்ந்து முன்னால் திரும்பியிருந்தால் கவனிக்கிறது. பின்னால் படிந்து மூக்கு மேலே தூக்கியிருந்தால் எச்சரிக்கிறது. இரண்டு பக்கமும் தளர்ந்து தொங்கினால் சோர்வு.

கடைசியாகச் சத்தம். அல்பாக்கா "ம்ம்ம்" என்று முனகும். தாய் குட்டியிடம் முனகுவது ஒரு தொனி, பிரித்து வைத்தால் முனகுவது இன்னொரு தொனி, வலியில் முனகுவது வேறு. ஆறு மாதத்தில் காது பிரித்துவிடும். நரியைக் கண்டால் மட்டும் கிறீச்சிட்டு விட்டுவிட்டுக் கத்தும், மந்தை முழுக்க ஒரே திசையைப் பார்க்கும். அந்தச் சத்தத்துக்கு நள்ளிரவானாலும் டார்ச் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

இதற்குப் பிறகுதான் வாளி. வாளியைத் தூக்கியதும் ஓடி வருபவர்களில் கடைசி யார் என்று பாருங்கள். நேற்றும் அவளே கடைசி என்றால் அவள் சுபாவம். நேற்று முதலில் வந்தவள் இன்று கடைசி என்றால் கையில் பிடித்துப் பார்க்க வேண்டியவள் அவள்தான்.

3. தீவனமும் தண்ணீரும்

கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரத்தில், சத்துக் குறைந்த முரட்டுப் புல்லைத் தின்று உருவான உடம்பு இது. வயிறு மூன்று அறை கொண்டது, கிடைப்பதை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். எனவே எங்கள் ஊரில் பசியைவிடக் கொழுப்பு பெரிய சிக்கல். நாளொன்றுக்கு உடல் எடையில் ஏறக்குறைய 1.5 முதல் 2 சதவீதம் உலர் தீனி போதும். மேய்ச்சல் நன்றாக இருக்கும் வசந்தத்தில் புல்லே போதுமானது. கோடையிலும் குளிர்காலத்திலும் காய்ந்த புல் போடுகிறோம். குதிரை மசால் (லூசர்ன்) நல்ல தீவனம்தான், ஆனால் புரதம் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கும், இளைத்ததற்கும், கடைசி மாதச் சினைக்கும் மட்டும் கொடுக்கிறோம். காயடித்த ஆணுக்குத் தினமும் குதிரை மசால் போட்டால் ஒரே வருடத்தில் பீப்பாய் ஆகிவிடும்.

இந்த எச்சரிக்கையைச் சத்தமாகச் சொல்கிறேன்: மாட்டுக்கும் கோழிக்கும் தயாரிக்கும் சில தீவனங்களில் மொனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கு அது நல்லது, அல்பாக்காவுக்குக் கொடிய நஞ்சு. மூட்டையில் ஒட்டிய சீட்டைக் கடைசி வரி வரை படிக்காமல் எந்தத் தீவனத்தையும் இறக்காதீர்கள். அரளிச் செடி வேலி ஓரத்தில் இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். நம் ஊர் நெடுஞ்சாலை நடுவில் பூக்கும் அதே அரளிதான், இங்கேயும் தோட்டங்களில் நிறைய உண்டு.

தீவனத்தை ஒரே தொட்டியில் கொட்டாதீர்கள். எண்ணிக்கையைவிட ஒரு தொட்டி கூடுதலாக, தள்ளித் தள்ளி வையுங்கள். அடாவடியானவள் அடுத்தவளைத் துரத்தினாலும் துரத்தப்பட்டவளுக்குப் போக ஓர் இடம் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியைத் தினமும் பார்த்து, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். பாசி பிடித்த தண்ணீரை இவை குடிக்காமல் காத்திருக்கும்.

4. புழுக்கைக் குவியல் சொல்லும் சேதி

அல்பாக்கா கண்ட இடத்தில் சாணம் போடாது. மந்தைக்கென்று இரண்டு மூன்று பொது இடங்கள் உண்டு, எல்லாம் வரிசையில் நின்று அங்கேயே போய்விட்டு வரும். வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது பெரிய வரம். பத்து நிமிடத்தில் மொத்தத்தையும் அள்ளிவிடலாம், குடற்புழு மேய்ச்சலில் பரவுவதும் குறையும். நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் அள்ளுகிறோம். இந்த வேலை என் மகளுடையது, அவளுக்கு வயது 12.

அள்ளும்போதே பார்க்க வேண்டும். ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாக, கருமையாக, தனித்தனியாக இருந்தால் நலம். ஒட்டிக்கொண்டு கட்டியாக வந்தால் தீவனம் மாறியிருக்கலாம், அல்லது புழு தொடங்கியிருக்கலாம். குழம்பாகப் போனால் அன்றைக்கே யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வால் அடியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒருத்தி நெடுநேரம் முக்கிக்கொண்டு நின்றும் ஒன்றும் வராவிட்டால் அது இன்னும் அவசரம்.

பூச்சி மருந்தைத் தேதி பார்த்துக் கொடுக்கும் பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். புழுக்கையைச் சிறிய டப்பாவில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, புழு முட்டை எண்ணிக்கை பார்த்த பிறகே மருந்து. எதற்கெடுத்தாலும் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுதான் நிலத்தில் மிஞ்சும். ஆட்டுக்கு எழுதியிருக்கும் அளவு அல்பாக்காவுக்குப் பொருந்தாது, மருத்துவரைக் கேளுங்கள். ஆட்டின் இரத்தம் உறிஞ்சும் முறுக்குப் புழு இதையும் தாக்கும். கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது.

அள்ளிய எருவை மட்க வைத்துக் காய்கறித் தோட்டத்துக்குப் போடுகிறோம். இந்த வருடம் கத்தரியும் வெண்டையும் கோடையில் அதில்தான் வந்தன.

5. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்

ரோமம் ஏமாற்றும். 10 சென்டிமீட்டர் பஞ்சுக்குள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தாலும் கண்ணுக்குக் கொழுகொழுவென்றே தெரியும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை எல்லாரையும் சிறிய பட்டிக்குள் சேர்த்து முதுகைத் தொட்டுப் பார்ப்போம். விலா முடியும் இடத்துக்கு மேல், முதுகெலும்பின் இரு பக்கமும் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் வைத்து அழுத்துங்கள். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இரு பக்கமும் நேராகச் சரிந்தால் சரியான உடம்பு. உள்வாங்கியிருந்தால் இளைப்பு. மேடாக, தட்டையாக இருந்தால் கொழுப்பு. 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு நோட்டில் எழுதுகிறோம், 3 நல்லது. எடைத் தராசு இருந்தால் எடையையும் எழுதுங்கள்.

பிடிக்கும் முறை முக்கியம். துரத்தாதீர்கள், கழுத்தைக் கட்டித் தொங்காதீர்கள். பட்டியை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டராகச் சுருக்கிவிட்டால் நடந்துபோயே ஒரு கையைத் தாடைக்கு அடியிலும் மறு கையைக் கழுத்தின் பின்புறத்திலும் வைக்கலாம். தலைக்கயிறு போடும்போது மூக்குப் பட்டை கண்ணுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேல் இருக்க வேண்டும். அல்பாக்காவின் மூக்கெலும்பு குட்டையானது, அதற்கு முன்னால் வெறும் குருத்தெலும்புதான். பட்டை முன்னால் வழுக்கினால் மூச்சு அடைக்கும். மூக்கால் மட்டுமே மூச்சுவிட்டுப் பழகிய விலங்குக்கு அது பெரிய பீதி. "கயிறு போட்டாலே குதிக்கிறது" என்று பலர் சொல்லும் விலங்குகளில் பாதிக்குக் கயிறுதான் தப்பாக இருக்கும் என்பது என் அனுபவம்.

குளம்பு கிடையாது. மெத்தென்ற பாதம், இரண்டு விரல், இரண்டு நகம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகம் வெட்டுங்கள், வளைந்த நகம் விரலையே திருப்பிவிடும். மேல்தாடையில் முன்பற்கள் இல்லை, ஈறு மட்டும்தான். கீழ்ப்பற்கள் நீண்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கு இரண்டு மூன்று வயதில் சண்டைப் பற்கள் முளைக்கும், கத்தி மாதிரி. அவற்றை நீக்க மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

6. பருவத்துக்கு ஏற்ற வேலை

கோடையில் இங்கே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அன்று நிழலும் தண்ணீரும் போக, குழாயால் வயிற்றின் அடியையும் கால்களையும் நனையுங்கள். முதுகை நனைக்காதீர்கள், ஈரக் கம்பளி சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். வாய் திறந்து மூச்சிரைத்தால் அவசரம். காட்டுத்தீ எச்சரிக்கை வந்தால் புல் கட்டையாக மேய்ந்த அடைப்புக்கு மாற்றிவிட்டு, தலைக்கயிறுகளைக் கழற்றிவிடுங்கள். நைலான் உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

கோடை முடிந்து முதல் மழை வரும் மாதங்களில் ரைகிராஸ் புல் ஒரு தனிக் கவலை. அந்தப் புல்லுக்குள் வாழும் பூஞ்சை சுரக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கும். தலை லேசாக ஆடும், கழுத்து நடுங்கும், நடை தள்ளாடும். கண்டதும் அந்த மேய்ச்சலிலிருந்து விலக்கிக் காய்ந்த புல்லுக்கு மாற்றுங்கள்.

குளிர்காலத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். இரண்டாவது வருடம் மே மாதத்தில், அதாவது இங்கே இலையுதிர் காலத்தில், காரி பிறந்தான். கறுப்புக் குட்டி. ஆகஸ்டில் மெதுவாக நடக்க ஆரம்பித்தான், முதுகைக் கூனிக்கொண்டு நிற்பான், மற்ற குட்டிகள் ஓடினால் உட்கார்ந்துவிடுவான். குளிருக்குத்தான் என்று நினைத்து மேலே சட்டை போட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து வந்த மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். பாஸ்பரஸ் மிகக் குறைவு. வைட்டமின் டி இல்லாமல் எலும்பு வலுவிழந்திருந்தது. ஆண்டிஸ் உச்சியில் சூரியனின் புற ஊதாக் கதிர் கடுமையானது, அடர்ந்த ரோமத்தையும் மீறி உடம்புக்கு வேண்டியதைத் தந்துவிடும். ஆஸ்திரேலியாவின் தென்பகுதிக் குளிர்கால வெயில் அந்த ரோமத்துக்குள் போதிய அளவு நுழையாது. அதிலும் அடர் நிறக் குட்டிக்கு இன்னும் குறைவு. ஊசி போட்டதும் சில வாரங்களில் காரி நன்றாக நடந்தான், ஆனால் முன்கால் முட்டி இன்றுவரை சற்று உள்வாங்கித்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து நாள் எனக்கு உறுத்தும்.

இப்போது இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரை குட்டிகளுக்கும் இளையவற்றுக்கும் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வைட்டமின் டி கொடுக்கிறோம். அளவு எடையைப் பொறுத்தது, மிஞ்சினாலும் கெடுதல், ஆகவே மருத்துவர் எழுதித் தரும் அளவு மட்டுமே. முடிந்தவரை குட்டிகள் வசந்தத்தில் பிறக்கும்படி இணை சேர்ப்பதையும் மாற்றிக்கொண்டோம்.

7. இணை சேர்த்தலும் குட்டி ஈனும் நாளும்

பெட்டைக்கு மாதாந்திரப் பருவம் என்று தனியாகக் கிடையாது. இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளியாகும். சினையா என்று பார்க்க மிக எளிய வழி, இரண்டு மூன்று வாரம் கழித்து ஆணை அருகில் கொண்டுபோவது. சினையானவள் காதை மடக்கி, துப்பி, ஓடுவாள். சினை இல்லாதவள் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவாள். இரண்டு மாதத்தில் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சினைக்காலம் பதினொன்றரை மாதம். தேதியிலிருந்து இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே போவது சகஜம். ஒரே குட்டிதான், இரட்டை மிக அபூர்வம். இயற்கை செய்து வைத்திருக்கும் நல்ல ஏற்பாடு, ஏறக்குறைய எல்லாக் குட்டிகளும் காலைக்கும் பிற்பகலுக்கும் நடுவே பிறக்கும். மலையில் இரவு உறைபனிக்கு முன் குட்டி காய்ந்து எழுந்து பால் குடித்தாக வேண்டும். ஆகவே மாலை இருட்டிய பிறகு ஒருத்தி முக்கினால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அன்று காலை அவள் மந்தையிலிருந்து விலகி நிற்பாள், முனகுவாள், புழுக்கைக் குவியலுக்கு மீண்டும் மீண்டும் போய் ஒன்றும் போடாமல் திரும்புவாள். முக்க ஆரம்பித்த பிறகு ஏறக்குறைய அரை மணி நேரத்தில் குட்டி வர வேண்டும். முதலில் மூக்கும் இரண்டு முன்கால்களும் தெரிய வேண்டும். தலை மட்டும் வந்து கால் வராவிட்டால், பின்கால் முதலில் வந்தால், அல்லது அரை மணி நேரமாக எந்த முன்னேற்றமும் இல்லாவிட்டால் காத்திருக்காதீர்கள். சரியாக வந்துகொண்டிருந்தால் கிட்டே போகாதீர்கள். பெரும்பாலும் நின்றபடியே ஈனுவாள். குட்டியின் தலை வெளியே தொங்க, தாய் சிறிது நேரம் அப்படியே நிற்கும்போது நமக்குத்தான் பொறுக்காது. அந்த நேரத்தில் குட்டியின் மூக்கிலிருந்து நீர் வடிகிறது, அது நல்லதற்கே.

இது பசு இல்லை, குட்டியை நக்கித் துடைக்காது. மோந்து பார்க்கும், முனகும், மற்ற பெட்டைகளும் ஒவ்வொருவராக வந்து மோந்துவிட்டுப் போவார்கள். மேலே மெல்லிய பொன்னாடை போல ஒரு சவ்வு ஒட்டியிருக்கும், காய்ந்து தானே உதிரும். குளிராக இருந்தால் மட்டும் துண்டால் துடையுங்கள். தொப்புள்கொடியை அயோடினில் முக்குங்கள். எடை போடுங்கள், 6 முதல் 8 கிலோ நல்ல எடை. காது துவண்டு, கீழ்ப்பல் ஈறை விட்டு வெளிவராமல், முன்கால் மணிக்கட்டு தளர்ந்து மடிந்தால் குறைமாதம்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் பால் குடித்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே குட்டிக்குப் போவதில்லை, சீம்பாலில்தான் வரும். அதையும் குட்டியின் குடல் முதல் நாள் மட்டும்தான் உறிஞ்சும், முதல் சில மணி நேரம் சிறப்பாக, பிறகு வேகமாகக் குறையும். முதல் நாளுக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. மடியடியில் தலையை விட்டுத் தேடுவது குடிப்பதாகாது. காம்பு அடைப்பு நீங்கியிருக்கிறதா என்று பீய்ச்சிப் பாருங்கள், குட்டி விழுங்கும் சத்தம் கேட்கும்வரை நில்லுங்கள். நஞ்சுக்கொடி ஆறு மணி நேரத்துக்குள் முழுதாக விழ வேண்டும். கிழியாமல் இருக்கிறதா என்று தரையில் விரித்துப் பார்த்துவிட்டு, நரி வராமல் புதைத்துவிடுங்கள்.

இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் எடை. முதல் ஓரிரு நாள் சற்றுக் குறையலாம், பிறகு தினமும் ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் கவனிக்கிறோம், இரண்டு நாள் ஏறாவிட்டால் மருத்துவர். பிள்ளைகளுக்குக் குட்டியைத் தூக்கிக் கொஞ்ச ஆசை வரும். எடை போடும் நேரம் மட்டும் தொடலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆறு மாதத்தில் பால் மறக்கடிக்கிறோம்.

8. ரோமம் கத்தரிக்கும் நாள்

வருடம் ஒருமுறை, எங்களுக்கு நவம்பரில். கத்தரிப்பவர் பண்ணை பண்ணையாக வருவார், நாள் குறிப்பதை மூன்று மாதம் முன்பே செய்யுங்கள். முதல் நாள் இரவே கொட்டகைக்குள் அடைத்துவிட வேண்டும், பனி நனைத்த ரோமத்தைக் கத்தரிக்க முடியாது. அன்றிரவு தீவனம் வேண்டாம்.

வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியுங்கள், ஒரு கறுப்பு இழை வெள்ளைப் பையில் விழுந்தாலும் நூலில் தெரியும். காலை நீட்டிக் கட்டிப் பாயில் படுக்க வைத்து ஒரு விலங்குக்குப் பத்து நிமிடம்தான். தலையைப் பிடிப்பது வீட்டுக்காரர், ரோமத்தை அள்ளுவது நான், பையில் பெயர் எழுதுவது மகன். முதுகும் விலாவும் சேர்ந்த போர்வைப் பகுதி ஒரு பை, கழுத்து ஒரு பை, கால் வயிறு ஒரு பை. ஒன்றுக்கு 2 முதல் 4 கிலோ வரை கிடைக்கும். அதே பத்து நிமிடத்தில் நகம், பல், தடுப்பூசியும் முடிந்துவிடும்.

ஆட்டுக் கம்பளியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு இதில் மிகக் குறைவு, எனவே கழுவுவது எளிது. ஆனால் அல்பாக்காவுக்கு மண்ணில் புரளுவது பேரின்பம், தூசி கொட்டும். கம்பி வலை அடித்த மேசையில் விரித்துப் போட்டு, வைக்கோல் துரும்பையும் முரட்டு ஓரத்தையும் கையால் எடுத்துவிட வேண்டும். இழையின் தடிமனை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளப்பார்கள், 20க்குக் கீழே மிக மென்மை, 30ஐத் தாண்டினால் கம்பளத்துக்குத்தான். விலாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வயது ஏற ஏறவும், அதிகம் தீனி போடப் போடவும் இழை தடிக்கும்.

9. வருமானம்

11 அல்பாக்காவின் ரோமத்தில் குடும்பம் ஓடாது. தீவனச் செலவில் ஒரு பகுதி வரும். நூலாக நூற்றுச் சந்தையில் விற்றால் கொஞ்சம் கூடுதல். காயடித்த ஆண்களைச் செம்மறிப் பண்ணைக்காரர்கள் குட்டிகளை நரியிடமிருந்து காக்க இரண்டிரண்டாக வாங்கிக்கொள்கிறார்கள், எங்களுக்கு உருப்படியான பணம் அதில்தான். மருத்துவர் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியே வைக்காமல் தொடங்காதீர்கள். பெரிய கனவோடு தொடங்கியவர்கள் இங்கே முன்பே தோற்றிருக்கிறார்கள். 1858இல் சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகர் தென் அமெரிக்காவிலிருந்து 250க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சிட்னிக்குக் கொண்டுவந்தார். பெரும் கம்பளித் தொழில் எழும் என்று நம்பினார்கள், சில வருடங்களில் மந்தை சிதறிப்போனது. அல்பாக்கா இங்கே மறுபடி காலூன்ற 1980களின் இறுதிவரை ஆயிற்று.

10. அந்தி

வேலை முடிந்து வந்ததும் தண்ணீர், வேலி, கதவு. கோடையில் இவையெல்லாம் ஏழரைக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே போகாமல் இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெயில் சாய்ந்ததும் குட்டிகளுக்கு ஏதோ பிடிக்கும். நான்கு காலையும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுப்பி, பந்து மாதிரி குதித்துக் குதித்து வேலியோரமாக ஓடும். ஒன்று தொடங்கினால் எல்லாம் சேரும், சில நாள் மயிலை மாதிரி வயதானவள்கூட இரண்டு சுற்று ஓடிவிட்டு மூச்சு வாங்க நிற்பாள். பிள்ளைகள் வீட்டுப் பாடத்தை விட்டுவிட்டு வேலி மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

நான் ஓடுபவற்றைப் பார்ப்பதில்லை. காரிக்குப் பிறகு, ஓடாமல் உட்கார்ந்திருக்கும் குட்டி எது என்றுதான் தேடுகிறேன். அப்படி ஒன்று இருந்தால் மறுநாள் காலைக்குத் தள்ளாதீர்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அப்போதே எடை போடுங்கள்.